பதினோரு நாள் பொறுப்பு

அரியலூர் ஸ்டேஷனில் குருநாதன் இறங்கியபோது வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. அவர் யாருக்கும் சொல்லவும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், 2004 தை மாதத்தில், இதே பிளாட்பாரத்தில் முப்பது பேர் மாலையும் கையுமாக நின்றார்கள். இன்று ஒரு வாடகைக் காரைப் பிடித்து, "லெப்பைக்குடிக்காடு போவணும்ப்பா" என்று ஏறி உட்கார்ந்தார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்துபோனது.

மடியில் ஒரு தோல்பை. அதற்குள் ஒரு பழுப்பு உறை. ஜபருல்லா பாய் முன்னால் அந்த உறையை வைத்து, "உங்க மகன் சாவுக்கு நான்தான் காரணம்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று ரயிலிலேயே முடிவு செய்தாயிற்று. சில நேரம் மனுஷனுக்கு அடி வாங்குவதுதான் ஆறுதல்.

குருநாதன் பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டைக்காரர். மானாவாரிப் பருத்திக்காட்டில் வளர்ந்து, படித்து, வெளியுறவுத் துறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டி, கடைசியில் கீழைக்கடல் நாடுகள் மன்றம் என்ற பத்தொன்பது நாட்டு அமைப்புக்குத் துணைப் பொதுச்செயலாளராகப் போனவர். பதவியின் பெயர் நீளம்தான். வேலை என்ன என்று கேட்டால், பொதுச்செயலாளர் பேசவேண்டியதை எழுதிக் கொடுப்பது, அவருக்குப் போகப் பிடிக்காத கூட்டத்துக்குப் போவது, அவர் கோபப்படுத்திய நாடுகளைத் தனியே பார்த்துக் கெஞ்சுவது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்கு அலைச்சல் அத்தனையும் உண்டு, தாலி கட்டுகிற வேலை மட்டும் கிடையாது. அந்த மாதிரி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தலைவரான பொதுச்செயலாளர் சுற்றுப்பயணம் போகிற நாட்களில் பொறுப்பு துணையின் கைக்கு வரும். அப்போது அவர் போடுகிற கையெழுத்துக்குத் தலைவர் கையெழுத்தின் மதிப்பு உண்டு.

பெரம்பலூருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? துணைத் தாசில்தாரைத் துணைத் தாசில்தார் என்று கூப்பிடுகிறவனை எங்கள் பக்கத்தில் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். தை மாதம் அவருக்குப் பாராட்டு விழா வைத்தபோது, பாலக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர் கட்டினார்கள். 'உலகம் போற்றும் பொதுச்செயலாளரே வருக!' படத்தில் மீசையைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள். துணையை மட்டும் எங்கேயும் காணோம். மேடையில் பேசிய ஏழு பேரும் அப்படியேதான் சொன்னார்கள். குருநாதன் ஏற்புரையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வேப்பந்தட்டை சொந்தக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாவது ஆள்தான் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே ஜிலுஜிலுவென்றும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

விழா முடிந்து பயணியர் விடுதிக்கு வந்தபோதுதான் ஜபருல்லா காத்திருந்தார். அறுபது வயசு, வெள்ளைத் தொப்பி, வலக்கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவருடைய மகன் அஸ்லாம் வளைகுடாவில் டிரைவர். தங்கியிருந்த இடத்தில் நடந்த அடிதடியில் ஒருத்தன் செத்துப்போக, பழி அஸ்லாம் தலையில் விழுந்து, மரண தண்டனை உறுதியாகியிருந்தது. ஊரில் இருபத்திரண்டு வயசு மனைவி, இஃப்பத்.

"நீங்க ஒரு கடுதாசி எழுதுனா போதும்னு அங்க இருக்க ஜமாஅத்துக்காரங்க சொல்றாங்க சார்" என்றார் ஜபருல்லா.

அவர்கள் சொன்னது சரிதான். மன்றத்திலிருந்து கருணைக் கடிதம் போனால் மறுவிசாரணை முடியும்வரை தண்டனையை நிறுத்திவைப்பது அந்த நாட்டின் வழக்கம். ஆனால் பொதுச்செயலாளர் அதில் கையெழுத்துப் போடமாட்டார். மன்றத்துக்குக் கட்டடம் கொடுத்ததே அந்த நாடுதான். குருநாதன் மனசுக்குள் நாளைக் கணக்குப் பார்த்தார். மாசி பிறந்ததும் தலைவருக்குப் பயணம் இருந்தது.

"வர்ற பதினாறாந்தேதியிலேர்ந்து பதினோரு நாளைக்குப் பொறுப்பு என் கையில இருக்கும் பாய். குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட அசல் மனு அதுக்குள்ள வந்துடணும். நகல் ஆகாது. இந்த அட்டையில இருக்க விலாசத்துக்கு எனக்கு அனுப்புங்க. நான் போடறேன்."

எதற்காகப் பதினோரு நாள், மற்ற நாளில் பொறுப்பு யார் கையில் என்று ஜபருல்லா கேட்கவில்லை. குருநாதனும் விளக்கவில்லை. காலையிலிருந்து பொதுச்செயலாளராக இருந்தவர் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் துணையாக இறங்கச் சங்கடப்பட்டார். ஜபருல்லா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தப் பதினோரு நாளும் குருநாதன் தபாலுக்காகக் காத்திருந்தார். கடிதத்தைத் தயாராக எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். அதில் மனுவின் தேதியை மட்டும் நிரப்பவேண்டும். காலையில் தலைவர் அறைக்குப் போய், அங்கே வைத்திருக்கும் கோப்புகளில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுத் தன் அறைக்கு வருவார். "எனக்கு இந்தியாவிலேர்ந்து ஏதாவது?" என்று தினமும் கேட்பார். உங்கள் பெயருக்கு எதுவும் இல்லை என்று தினமும் பதில் வரும். எட்டாம் நாள் லெப்பைக்குடிக்காட்டுக்குப் போன் போட்டார். கொரியரில் போட்டு ஆறு நாள் ஆகிறது என்றார் ஜபருல்லா. வழியில் எங்கோ தொலைந்துவிட்டது என்று குருநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி அனுப்பச் சொன்னால் வந்துசேர ஐந்து நாளாகும். மிச்சம் இருந்ததோ மூன்று.

பன்னிரண்டாம் நாள் தலைவர் திரும்பி வந்தார். அன்று மாலையே கோப்பில் வைக்கச் சொல்லி அவர் அறையிலிருந்து குருநாதனுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே 'மேதகு பொதுச்செயலாளர் அவர்கள்' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. பெயர் இல்லை. துணை இல்லை. உள்ளே இஃப்பத்தின் கையெழுத்து, ஜபருல்லாவின் கையெழுத்து.

தலைவருக்கு என்று வருகிற ஒட்டிய உறையை அவர் இல்லாதபோது யாரும் பிரிக்கக் கூடாது என்பது மன்றத்து விதி. அதனால் ஐந்து நாள் அது தலைவர் மேஜையில் தபால் தட்டிலேயே கிடந்திருக்கிறது. உறையின் மூலையில் வட்டமாக ஒரு டீக்கறை. அது குருநாதனின் டீ. தினமும் காலையில் அந்தத் தட்டின்மேல்தான் அவர் கப்பை வைத்தார்.

தலைவரிடம் ஓடினார். "தனி ஆள் வழக்கில் மன்றம் தலையிடுவதில்லையே, குருநாதன்" என்று தலைவர் சிரித்தபடி சொன்னார். குருநாதன் சொந்தப் பெயரில் அந்த நாட்டுக்கு எழுதினார். அனுப்பியவருக்கு அதிகாரம் இல்லை என்று திரும்பி வந்தது. இருபத்தோராம் நாள் அஸ்லாமைக் கொன்று, அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

பேனரைப் பார்த்துத்தானே அவர்கள் அப்படி எழுதினார்கள்? ஒரு வார்த்தை நான் திருத்தியிருந்தால்? ஆறு மாதமாக இதே கேள்வி அவரைத் தின்றது. நியாயம்தான். தின்னட்டும்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஜபருல்லா பதறிக்கொண்டு எழுந்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "வாங்க சார், வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். உள்கதவோரம் முக்காட்டை இழுத்துவிட்டபடி இஃப்பத் வந்து நின்றாள். டீ வந்தது. குருநாதன் அதைக் கையில் வாங்கினார், கீழே வைக்க மனசு வரவில்லை.

"பாய், ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு பேனர்ல போட்டிருந்தாங்களே, பொதுச்செயலாளர்னு. நான் அது இல்ல. துணைதான். அன்னிக்கே உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"அது தெரியுமே சார்" என்றார் ஜபருல்லா.

குருநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க குடுத்த அட்டையிலதான் இருந்துச்சே. இஃப்பத்து படிச்சுச் சொல்லிடுச்சு. அது கவர்மேல உங்க பேரை மொட்டையா எழுதி, பக்கத்துல துணைன்னும் எழுதியிருந்துச்சு. நான்தான் சத்தம் போட்டேன். நம்ம புள்ள உசிரைக் காப்பாத்தப் போற மனுஷன், அவரப் போயி துணைன்னு எழுதிக் கொறைக்கிறதான்னு கேட்டேன். கலெக்டருக்கு மனு போட்டா பேரா எழுதறோம்? பதவியைத்தான எழுதறோம். அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுட்டு, அரியலூர் போயி மரியாதையா டைப் அடிச்சு, நானே கொரியர்ல போட்டேன்."

"அட்டையில இருக்கிறத அப்படியே எழுதணும் மாமான்னு நான் சொன்னேன்" என்றாள் இஃப்பத் கதவோரத்திலிருந்து. சத்தமே இல்லாத குரல். ஆறு மாதமாக அவள் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

ஜபருல்லா மருமகளைப் பார்க்கவில்லை. குருநாதனைப் பார்த்தார். "அதனால ஒண்ணும் தப்பாயிடலியே சார்? கவரு உங்க கையில கெடச்சுதுல்ல?"

தோல்பை மடியில் இருந்தது. ஜிப்பை இழுத்தால் போதும். டீக்கறையைக் காட்டினால் குருநாதனுக்கு மூச்சு வந்துவிடும். அப்புறம் இந்த வீட்டில் இந்தக் கிழவர் எப்படிச் சோறு தின்பார்? அந்தப் பெண் அதை எந்தக் கையால் பரிமாறுவாள்? மரியாதை கொடுத்ததற்கு மகனைப் பறிகொடுத்தாய் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? தன் பாவத்தை இறக்கிவைக்க வந்தவருக்கு, அதை இறக்க இந்தக் கிழவனின் முதுகைத் தவிர வேறு இடம் இல்லை.

"கெடச்சுது பாய்" என்றார் குருநாதன். "நேரத்துக்கே கெடச்சுது."

ஜபருல்லா பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப நம்ம மேல கொறை இல்ல."

இஃப்பத் ஒரு அடி முன்னால் வந்தாள். முக்காடு விலகியது, அவள் சரிசெய்யவில்லை. "கெடச்சும் நீங்க கையெழுத்துப் போடலியா?"

"போடலம்மா."

"ஏன்?"

குருநாதன் ஒரு கையால் தோல்பையை மடியோடு அழுத்திக்கொண்டார். அவள் அவர் குடிக்காத டீயைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொல்லையில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

ஜபருல்லா துடித்துப்போனார். "சின்னப் பொண்ணு சார், மனசுல வெச்சுக்காதீங்க. பெரிய எடத்துல ஆயிரம் இருக்கும், இதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கார்வரைக்கும் கூட வந்தார். கதவைத் திறந்துவிட்டு, குனிந்து டிரைவரிடம் சொன்னார்.

"பாத்துப் பதனமா கூட்டிட்டுப் போப்பா. யாருன்னு நெனச்ச? பொதுச்செயலாளரு."