நூற்று இருபத்து நான்கு

வலி ஏறும்போது எண் இறங்கியது. நூற்று நாற்பத்தாறாக இருந்தது நூற்றுப் பத்தாகி, தொண்ணூறாகி, வலி அடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் மெல்ல மேலே வந்தது. என் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட்டுகள் கட்டியிருந்தார்கள். மேலே இருந்தது வலியை அளக்க. கீழே இருந்தது குழந்தையின் இதயத் துடிப்பைப் பிடிக்க. இரண்டும் கட்டிலருகே இருந்த மிஷினில் சேர்ந்து, காகிதத்தில் இரண்டு கோடுகளாக வந்துகொண்டிருந்தன. காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்தது.

ஜன்னலோர நாற்காலியில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு வாங்கிய துணிகளைக் காலையிலிருந்து நான்கு முறை மடித்துவிட்டார்.

“மறுபடி எறங்குது பாரு. மணிய அழுத்தவா?” என்றார்.

“வேணாம் அத்தை. இப்பத்தான் அவங்க வந்துட்டுப் போனாங்க.”

உண்மைதான். காலையில் நான் புரண்டு படுத்தபோது பெல்ட் இரண்டு முறை நழுவியிருந்தது. இரண்டு முறையும் நர்ஸ் அக்கா வந்து, பெல்ட்டுக்கு அடியில் இருந்த வட்டமான வில்லையை நகர்த்தி, எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆறடி உயரம், நெஞ்சில் குத்திய சின்னக் கடிகாரம். வார்டில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரை மணிக்கூண்டு என்றார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டால் என்ன நினைப்பார்? பக்கத்து அறையில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். நான் கத்தவில்லை. கத்தாதவளுக்கு மணி அடிக்க என்ன உரிமை என்று தோன்றியது. பள்ளியிலும் நான் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டதில்லை.

மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. தராசுகளும் தெர்மாமீட்டர்களும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பேன். அங்கே முதல் நாளே சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. எண் விபரீதமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு. ஆறு வருடங்களில் பத்துக்கு ஒன்பது தடவை தப்பு கருவியில்தான் இருந்தது.

அடுத்த வலியில் எண் எண்பத்தைந்துக்குப் போனது. வலி விட்டதும் நானே கையை நீட்டி வில்லையைக் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தினேன். மிஷின் கரகரத்தது. எண் மறைந்தது. இன்னும் ஒரு விரற்கடை. நூற்று இருபத்து நான்கு. சீராக, அசையாமல் நின்றது.

“வந்துருச்சு அத்தை. பெல்ட்டுதான்.”

“படிச்ச பிள்ளைன்னா சும்மாவா,” என்றார். பிறகு, அவர் வழக்கப்படி, “நாங்க நாலு பெத்தோம், ஒரு மிஷினும் பாக்கல. இப்பல்லாம் வலி தாங்க முடியலன்னா ஒரு கீறல் போட்டு எடுத்துர்றாங்க. நீ அப்படி இல்ல, தைரியசாலி” என்றார். ஒன்பது மாதமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் சிசேரியன் பற்றிய பக்கங்களைக் கிளிப் போட்டு மூடி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு என் கணவர், “இந்தப் பாடம் பரீட்சைக்கு வராதா?” என்று கேட்டார். “சாய்ஸ்ல விட்டுட்டேன்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த இரண்டு வலிகளில் எண் இறங்கவில்லை. ஏறியது. நூற்று முப்பத்தொன்று, முப்பத்தேழு. எனக்கு வலித்தது, ஆனால் மனம் லேசாக இருந்தது. ஒரு தராசைச் சரி செய்துவிட்டு முத்திரை ஒட்டும்போது வருகிற அதே லேசு.

மணிக்கூண்டு அக்கா தானாக வந்தார். எண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து, கைக்குக் கை இழுத்துப் பழைய கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

“பெல்ட்ட யாரு தொட்டது?”

“நான்தான் அக்கா. நழுவிருச்சுன்னு…”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நெஞ்சுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடசைத்து எண்ணினார். பிறகு மிஷினைப் பார்த்தார். திரும்ப என் முகத்தைப் பார்த்தார்.

“இது உன் நாடிம்மா. குழந்தையோடது இல்ல.”

வில்லையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினார். கரகரப்பு. தேடினார். எழுபத்தெட்டு.

“எவ்வளவு நேரமா இப்படி?”

“பன்னெண்டு நிமிஷம்,” என்றேன். அந்த அளவில் மட்டும் நான் தவறவில்லை.

அவர் திட்டவில்லை. வலியை ஏற்றச் சொட்டிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினார், என்னை இடப்பக்கமாகப் புரட்டினார், நான் அழுத்தாத மணியைத் தன் முழங்கையால் அழுத்திப் பிடித்தார். பெல்ட் நழுவினால் எண் காணாமல் போகும். இது இறங்கி, தாமதித்து, ஏறியது. என் மேசையில் வேறு யாராவது இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

டாக்டர் வந்தார். பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போதே பேசினார். “வலி வரும்போதெல்லாம் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொறையுது. நீங்களா பெத்தெடுக்க இன்னும் நேரமாகும், குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்ல. முதுகுல ஊசி போட்டு, அடிவயித்துல குறுக்கா ஒரு கீறல். முழிச்சிட்டுத்தான் இருப்பீங்க. சம்மதமா?”

நான் அத்தையைப் பார்த்தேன். பழக்கதோஷம். அவர் கையில் சின்னச் சட்டை ஒன்று கசங்கியிருந்தது.

“என்னைய ஏன்டி பாக்குற? எந்த வாசல்ல வந்தா என்ன, வந்து சேந்தா போதும். சரின்னு சொல்லு,” என்றார். அவர் என்னை ‘டி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சரி,” என்றேன்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கிருந்தோ என் கணவர் ஓடிவந்து பக்கத்திலேயே வேகமாக நடந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர். இப்போது கட்டிலின் கம்பியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சாய்ஸ்ல விட்டதுதான் வந்திருக்கு,” என்றேன்.

அவர் என் காலைப் பிடித்தார். கதவு வந்ததும் விட்டார்.

உள்ளே குளிர். மயக்க மருந்து டாக்டர் என்னை உட்காரவைத்து, “பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுக வளைங்க” என்றார். ஒரு குத்தல். பிறகு கால்களில் வெந்நீர் பரவியது போல் ஒரு சூடு, பிறகு கால்களே இல்லை. படுக்கவைத்து ஈரப் பஞ்சால் வயிற்றைத் தொட்டு, “ஜில்லுன்னு தெரியுதா?” என்றார். இல்லை. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள்.

“வலி இருக்காது. ஆனா இழுக்கறது, அமுக்கறது தெரியும். யாரோ உங்க பைக்குள்ள கைய விட்டுச் சாவி தேடற மாதிரி.”

“டாக்டர், நான்தான் பெல்ட்ட நகர்த்தினேன்.”

“மூச்ச நல்லா இழுத்து விடுங்க,” என்றார். கேட்டாரா என்று தெரியவில்லை.

தேடினார்கள். அவர் சொன்னது போலவேதான் இருந்தது. உடம்பு இப்படியும் அப்படியும் ஆடியது. யாரோ விலாவுக்குக் கீழே பலமாக அமுக்கினார்கள். சட்டென்று ஒரு பாரம் போய் நான் மிதப்பது போல் இருந்தது. என் தலைமாட்டில் இருந்த மிஷின் என்னுடைய துடிப்பைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

அழுகை இல்லை.

தலையைத் திருப்பினேன். மூலையில் விளக்குக்கு அடியில் ஒரு மேசை, அதைச் சுற்றி மூன்று முதுகுகள். ஒருவர் சின்ன முகமூடி ஒன்றை வைத்துப் பந்து போன்ற எதையோ அமுக்கி அமுக்கி விட்டார். முதுகுகளுக்கு மேலே மணிக்கூண்டு அக்காவின் தொப்பி தெரிந்தது. அவருடைய ஒரு கை கீழே, குழந்தையின் மேல் இருந்தது. மற்றக் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தி, ஆள்காட்டி விரலைக் காற்றில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டல். இடைவெளி. தட்டல்.

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. தொப்புள்கொடியில் தொட்டு உணர்வதை அந்த விரல் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் மிஷின் எதுவும் இல்லை.

எதிரே சுவரில் கடிகாரம். ஆறு நொடி எண்ணினேன். ஏழு தட்டல். பத்தால் பெருக்கினால் எழுபது.

“இன்னும் கொஞ்சம்,” என்று மேசையருகே யாரோ சொன்னார்கள். பந்து அமுங்கியது.

மறுபடி ஆறு நொடி. எட்டு. ஒன்பதாகவும் இருக்கலாம்.

மயக்க மருந்து டாக்டர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி கடிகாரத்தின் நொடிமுள்ளைக் கண்ணால் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் இப்போது மணிக்கட்டிலிருந்து அசையாமல் நுனியால் மட்டும் தட்டியது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. இன்னும் ஆறு நொடிகூட ஆகவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. அதற்கு மேல் அது மழைத்துளி தகரத்தில் விழுகிற வேகத்தில் போயிற்று. எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது. நான் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.