கேட்க மறந்த கெரெகெரே

எங்கள் வைதோவு குடியிருப்பின் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. ‘இங்கே குற்றம் நடக்காத நாட்கள்’ என்று எழுதி, அதன் கீழே மூன்று ஆணிகளில் மூன்று எண்கள் தொங்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அவற்றை மாற்றுவது என் வேலை. குற்றத் தடுப்புக் குழுவின் செயலாளராக நான் தடுத்த குற்றங்களில் பெரியது அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 361 மாட்டினேன். சனிக்கிழமை 365. அன்று போலீஸ் அதிகாரி வந்து, சுவா நகரிலேயே பத்திரமான குடியிருப்பு என்று எங்களுக்குக் கேடயம் தரப் போகிறார். தலைவர் இலைதியா அதற்காக வீட்டு அலமாரியில் இடம் ஒழித்து வைத்திருந்தார். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இன்னும் விசில் இருக்கும்.

எண்ணை மாட்டிவிட்டு நான் கொட்டகைக்குப் போனபோது குழு ரோந்தில் இருந்தது. ரோந்து என்றால், லேசாக மயக்கும் யங்கோனா வேர்ச்சாறு நிறைந்த கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பது; சிரட்டை மட்டும் சுற்றி வரும்.

பத்து மணிக்கு மகெரெட்டா ஓடி வந்தாள். கராஜ் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு விற்பவள். தலைவர் அவளுக்குத் தாய்மாமன் முறை, ‘மோமோ’.

“மோமோ, என் அடுப்பும் காஸ் சிலிண்டரும் போச்சு! மீன் வாங்கிட்டு வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க. போலீஸ்ல குழுவோட கடிதம் கேக்கறாங்க. ஒரு கடிதம் குடு.”

தலைவர் சிரட்டையைக் கீழே வைத்தார். “தூக்கிட்டாங்கன்னு சொல்லாத. எடுத்திருக்காங்க.”

“என்ன வித்தியாசம்?”

‘நாலு நாள் வித்தியாசம்’ என்று வாய்வரை வந்ததை யங்கோனாவோடு சேர்த்து விழுங்கினேன்.

“நம்ம ஜனங்க திருட மாட்டாங்க. கஷ்டத்துல இருக்கிற யாரோ ஒருத்தன் கெரெகெரே கேக்க வந்திருக்கான். நீ வீட்ல இல்ல. அவன் என்ன பண்ணுவான், பாவம்?”

உறவுக்காரர் எதிரே உட்கார்ந்து ‘கெரெகெரே’ என்று கேட்டுவிட்டால், கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லை என்று சொன்னவன் ஊரில் தலைநிமிர முடியாது.

“அவன் கேக்கவே இல்லியே மோமோ!”

“மனசுல கேட்டிருப்பான்.”

“மனசுல கேட்டவன் ட்யூபைக் கத்தியால அறுத்துட்டா போவான்?”

“அவசரம்,” என்றார் தலைவர். என் பக்கம் திரும்பி, “எழுது” என்றார்.

‘கேட்க மறந்த கெரெகெரே’ என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். அந்த வருடத்தில் அது பதினான்காவது. முந்தையவற்றில் ஒரு சைக்கிளும் இரண்டு கோழிகளும் என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் அடக்கம்.

வியாழக்கிழமை மகெரெட்டா என்னைப் பலகையடியில் பிடித்தாள். என்னை அவள் ‘பையா’ என்பாள்; இந்தியில் அண்ணன்.

“பையா, வில்லியாமெ வீட்ல மீன் பொரிக்கிற வாசன வருது. ஆறு வருஷமா வெறகுல கசாவாக் கெழங்கு அவிச்சவனுக்கு அடுப்பு ஏது?”

வில்லியாமெ தலைவரின் மருமகன். எங்கள் ரோந்துப் படைத் தலைவனும் அவன்தான்.

“போய்க் கேளேன்.”

“கேட்டேன். எதுவா இருந்தாலும் குழுகிட்ட பேசுங்கறான். கராஜ்காரங்க நூடுல்ஸ் கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் ஒரு வாரம் போனா என் மூஞ்சியே அவங்களுக்கு மறந்துடும். நீங்களாவது ஒரு கடிதம் எழுதுங்க பையா.”

நான் 363ஐ நேராக்கினேன். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பந்தலில் பாய் விரித்து, அதிகாரிக்கு மாலை போட்டு, முதல் சிரட்டையை நீட்டினோம். “வீட்டுக் கதவைப் பூட்டத் தேவையில்லாத சமூகம் இது” என்று அவர் பேசினார். அந்தப் பக்கம் அவருடைய ஓட்டுநர் காரைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

கேடயம் கைமாறியது. வட்டமான பித்தளை, நல்ல கனம். தலைவர் அதை மார்போடு அணைத்துப் புகைப்படத்துக்கு நின்றபோது, மகெரெட்டா எழுந்தாள். பெரியவர்கள் முன் நடக்கும் முறைப்படி குனிந்து வந்து, பாயில் உட்கார்ந்து, கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினாள்.

“மோமோ, கெரெகெரே.”

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் தலைவருக்குத் தாராளம் பொங்கியது. “கேளும்மா, என்ன வேணும்?”

“அந்தக் கேடயம்.”

“இது... இத வெச்சு நீ என்ன பண்ணுவ?”

“சட்டிக்கு மூடி இல்ல. அடுப்போட சேந்து அதுவும் போயிடுச்சே. நான் மறக்காம வாயாலயே கேக்கறேன் மோமோ.”

“எந்த அடுப்பு?” என்றார் அதிகாரி.

“ஒண்ணுமில்ல சார், குடும்ப விஷயம்,” என்று சொன்ன தலைவர், கேடயத்தை அவள் மடியில் அவசரமாக வைத்தார். அதிகாரி நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். “பார்த்தீர்களா! இதுதான் சமூகம்!”

மாலையில் வில்லியாமெயே அடுப்பைச் சுமந்துகொண்டு போய் அவள் வாசலில் வைத்தான். சிலிண்டரும் புது ட்யூபும்கூட வந்தன. “திருப்பிக் கொடுக்கணும்னு மனசுல நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன் அக்கா,” என்றானாம்.

திங்கட்கிழமை தலைவர் கேடயத்தை வாங்கி வர என்னை அனுப்பினார்.

“மோமோவையே வரச் சொல்லுங்க பையா,” என்றாள் மகெரெட்டா, வெங்காயம் நறுக்கியபடி. “முன்னாடி உக்காந்து கையத் தட்டிக் கேட்டா குடுத்துடப் போறேன். இல்லன்னு சொல்ல முடியுமா?”

கராஜ்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கேடயத்தைத் தூக்கினால் தேங்காய்ப் பாலில் வெந்த மீன் வாசனை தெருமுனை வரை போகிறது. பலகையில் இன்று 402. தலைவரும் தினமும் மதியம் வந்து ஒரு பொட்டலம் வாங்குகிறார். சட்டியின் மேல் இருக்கும் கேடயத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். விசிலைத் தடவிக்கொண்டு போய்விடுகிறார்.

“கேக்கலியா?” என்று நேற்று அவளிடம் விசாரித்தேன்.

“மனசுல கேட்டிருப்பார்,” என்றாள்.