சனிக்கிழமை மூட்டை

சுழற்சிப் பொருளாதாரத்தைக் கண்டுபிடித்தது ஆம்பூர் என்பதில் தன்சீல் அகமதுவுக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் குறிப்பாக, பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அவருடைய ஷூ கம்பெனி. வெட்டுப் பிரிவில் மிஞ்சும் தோல் துண்டுகளை அவர் குப்பையில் கொட்டுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு மூட்டை, இலவசம். வீட்டில் அதை எரித்து வெந்நீர் வைத்துக்கொள்வார்கள். தோல் புகையாகி வானத்துக்குப் போய்விடும். இதைவிடச் சுத்தமாக ஒரு பொருளை யாரால் தீர்த்துக்கட்ட முடியும்?

ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு இது விளங்கவில்லை. துண்டுகளைப் பிரித்து, அவற்றை அரைத்து அட்டை செய்யும் ஆலைக்கு அனுப்பும்படி கடிதம் மேல் கடிதம் போட்டது. அதற்காகவே வேலைக்கு எடுத்த சத்துவாச்சாரியிலிருந்து வரும் சௌமியா, தரையில் உட்கார்ந்து, குரோம் போட்டுப் பதனிட்ட, விளிம்பில் நீலம் ஓடும் தோலை ஒரு பக்கமும் மரப்பட்டையில் பதனிட்டதை மறுபக்கமுமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அரிசி பொறுக்குகிறாயா என்று கேட்டுவிட்டுப் போவார் தன்சீல் அகமது. அவள் உதவிக்கு ஓர் ஆள் கேட்டபோது, முறம் வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்றார்.

வெட்டுப் பிரிவு கன்னியப்பன் மூச்சு விட முடியாமல் படுக்கையில் விழுந்ததும் அவள் நேராகவே சொன்னாள்.

"குரோம் தோல் எரியுற புகை விஷம், சார். அவர் படுத்திருக்கிறதே அடுப்புக்குப் பக்கத்துல. மூட்டைய நிறுத்திடுங்க."

"இன்னாம்மா நீ, சீக்காளிக்கு வெந்நீர் வேணாமா?"

அவர் இரக்கமில்லாதவர் அல்ல. அன்றே கன்னியப்பன் வீட்டுக்கு இரண்டு மூட்டை ஜாஸ்தியாக, கம்பெனி வண்டியிலேயே அனுப்பிவைத்தார்.

கார்த்திகை முடிவதற்குள் கன்னியப்பன் போய்விட்டார்.

தன்சீல் அகமது துக்கத்துக்குப் போனார். ஒற்றை அறை வீடு. மூலையில் இருந்த அடுப்பில் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. புகை அறை முழுக்க நின்றது. அவர் கண்ணில் நீர் வழிந்ததும், முதலாளியே அழுகிறார் என்று யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

கன்னியப்பனின் மனைவி கமலம் எழுந்து வந்தாள்.

"நீங்க குடுத்தனுப்புன மூட்டைதான் எரியுது, பாய். தெனம் ரெண்டு வேளை வெந்நீர்ல ஒடம்ப தொடைச்சு விட்டேன். கடைசி வரைக்கும் ஒரு கொறையும் வெக்கல." இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன்சீல் அகமது விறகு வாங்கிவரச் சொல்லி டிரைவரை விரட்டினார். விறகு வருவதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டது.

அந்த வாரம் யாருக்கும் மூட்டை கிடையாது. பாய் துண்டுத் தோலையும் காசாக்கக் கிளம்பிட்டார் என்று கம்பெனி கேட்டில் பேசிக்கொண்டார்கள். தன் கடிதங்களுக்குப் பலன் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி என்று வெளிநாட்டுக் கம்பெனி எழுதியது.

ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு தன்சீல் அகமது வெட்டுப் பிரிவுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சௌமியாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் குவியலைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். வெட்டிய விளிம்பில் நீலம் தெரியும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே போடத் தொடங்கினார்.