பத்து விரல் கவிதை

மனைவி ஜெயத்தின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கவிதை தருவதாக வயிரவன் வாக்குக் கொடுத்திருந்தார். வெறும் கவிதை இல்லை, டைப்ரைட்டரில் அடித்த கவிதை. "போன்ல கட்டைவிரலால தேய்க்கிறதெல்லாம் கவிதையா? பத்து விரலும் வலிக்கணும்" என்று, தான் வேலை பார்க்கும் டான் சோன் நாட் விமான நிலையக் கார்கோ அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தேவகோட்டையில் இருவரும் படித்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது ஒரு தமிழ் மெஷினை வாங்கி, சைகோனுக்குப் பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கிவந்தவர் அவர்.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஜெயம் ஹையர் பாஸ். வயிரவன் லோயரிலேயே இரண்டு தரம் கோட்டை விட்டவர். ஆனாலும் ஜெயத்துக்கு ஆசை இருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து மனுஷர் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. கவிதையிலாவது சொல்லித் தொலைப்பார் என்று நம்பினாள். பிறந்தநாள் விருந்தில் வாசிக்கப்போகிறார் என்று சிநேகிதி ரோஸிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. இரவு விருந்து. மதியம் சாப்பிட்டதும் வயிரவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டக் டக் என்று சத்தம் கிளம்பியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெயம் பூரித்துப்போனாள். குழம்புச் சட்டிக்கு வரும்போது சந்தேகம் தட்டியது. தமிழ் மெஷினில் அடிக்கடி ஷிப்ட் விசையை அமுக்க வேண்டும், சத்தம் நொண்டி நொண்டித்தான் வரும். இதுவோ தடதடவென்று ஓடுகிறது. இது இங்கிலீஷ் அடிக்கிற சத்தமல்லவா?

கதவைத் திறந்தாள். வயிரவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மெஷின் மேல் போன். டக் டக் எல்லாம் அதிலிருந்துதான். ஜெயத்துக்கு அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. போனை அணைத்தாள். சத்தம் நின்றதும் வயிரவன் விழித்துக்கொண்டார்.

"கவிதை எந்த மட்டுல நிக்கிது?"

"கடைசி வரிதான் பாக்கி."

"பேப்பரே மாட்டலையே நீங்க."

வயிரவன் தலையைச் சொறிந்தார். "வரமாட்டேங்குது, ஜெயம்."

அவள் காகிதத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து புலம்பினார். "என்னத்தச் சொல்றது? காலையில எந்திரிச்சா காப்பிக்குச் சண்டை. இதுல எங்கிட்டுக் கவிதை வரும்? நீ ஊருக்குப் போயிருந்தப்ப வந்துச்சு. வீடு பூராவும் லைட்டப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நீ உள்ள இருக்கிற மாதிரி இருக்கட்டும்னு. இதைப் போயி எப்படி எழுதுறது? சரி விடு, கேக்கே வாங்கிக்குவோம்."

ஜெயத்தின் விரல்கள் நிற்கவே இல்லை.

"என்ன அடிக்கிறே?"

"கை பழகுறேன்."

இரவு டிஸ்ட்ரிக்ட் ஒன் பகுதி ஹோட்டலில் எல்லோரும் கூடியதும் ஜெயம் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் வயிரவன் வாசித்தார். காப்பிச் சண்டைக்கு மேசை முழுக்கச் சிரிப்பு. லைட்டைப் போட்ட இடத்தைக் காகிதத்தை விட்டுத் தலை நிமிராமல், ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். இத்தனை வருஷக் கோபமும் ஜெயத்துக்கு அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. கேக் வரியையும் விடாமல் வாசித்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு காப்பி தாயேன், ஜெயம்."

"கார்பன் வைக்கலையே" என்றாள் ஜெயம், கொஞ்சமும் கூசாமல். இரண்டு வைத்திருந்தாள்.