ஊமையேரி ஒரு நாளைக்கு ஒரு பேர்தான் வாங்கும்

அன்று மலையேற மல்லையனுக்கு இருந்த காரணம் ஒன்றுதான். செத்துப்போன பெண்சாதியின் பேரை ஊமையேரியில் விட வேண்டும். டாக்டர் பிரபாகருக்குக் காரணங்கள் பதினொன்று இருந்தன. ஜீப்பை விட்டு இறங்கியதும் ஆரம்பித்தவர், காப்புக்காட்டுக்குள் இரண்டு மைல் நடந்த பின்னும் ஏழாவது காரணத்தைத் தாண்டவில்லை. சேலத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் மரபுச் சூழலியல் மையம் என்று ஒன்றைத் தொடங்கியவர் அவர். மையத்துக்கு அவர் இயக்குநர். வீடியோ எடுக்க வந்திருந்த பிரியதர்ஷினி மையத்தின் மற்ற அனைத்தும்.

வழிகாட்ட மல்லையனைச் சொன்னது ஊர்க்கவுண்டர் சென்னப்பன். எப்படியும் நீ மேலே போகிற ஆள், இவர்களையும் சேர்த்துக் கூட்டிப்போனால் என்ன குறைந்துவிடும் என்றார். மல்லையனும் குறையாது என்றுதான் நினைத்தான். கவுண்டரும் கூடவே கிளம்பினார்.

ஊமையேரி சித்தேரி மலையின் மேல்மடிப்பில், பாறைகளுக்கு நடுவே கிடக்கிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியைத் தூக்கி வைத்தால் தண்ணீர் வெளியே தெரியாது, அவ்வளவுதான் அகலம். ஆனால் மலைக்காரர்களுக்கு அதுதான் கோயில். அங்கே செருப்புக் கூடாது, குளிக்கக் கூடாது, முக்கியமாக வாயைத் திறக்கக் கூடாது. திறப்பது ஒரே காரியத்துக்கு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மூன்றாம் அமாவாசைக்குள் உரிமைப்பட்டவர் போய், கரையிலுள்ள தட்டைக்கல்லில் நின்று, செத்தவர் பேரை ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னால் ஏரி பேரை வாங்கிக்கொண்டது என்று பொருள். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லமாட்டார்கள். பேரை விடாத வீட்டில் நல்ல காரியம் நடக்காது. நாள் தவறினால் அடுத்த வருஷம்தான். ஏரி ஒரு நாளைக்கு ஒரு பேர்தான் வாங்கும். மந்திரி சிபாரிசும் செல்லாது.

மூன்றாம் அமாவாசை இன்றைக்கு. ஆவணியில் மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் காத்திருக்கிற ரகமில்லை என்பதை வெற்றிலை மாற்றிய அன்றே காட்டிவிட்டார்கள்.

இத்தனை தெரிந்தும் மல்லையன் கடைசி நாள்வரை தள்ளியதற்குக் காரணம் சோம்பல் இல்லை. துக்கம் வரட்டும், வந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டான். அது வரவில்லை. வைகாசியில் அவளைப் புதைத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். சாமைக் கொல்லைக்குப் போனான், களையெடுத்தான். ஊரார் ஒரு வாரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவது போல உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தான். தட்டுகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

வழி நெடுக டாக்டர் பிரபாகர், ஊமையேரி வழக்கத்தை மல்லையனுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அதற்கு 'நீர்சார் நினைவுநீக்கச் சடங்கு' என்று பேரும் வைத்திருந்தார். உங்கள் மரபு எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்கே தெரியாது என்றார். தெரியாதுங்க என்றான் மல்லையன். செருப்பு விடுகிற இடத்தில் அவர் ஷூவைப் பயபக்தியோடு கழற்றினார். கேமரா ஓடவில்லை என்று பிரியதர்ஷினி சொன்னதும் மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார். இரண்டாம் தடவை பக்தி கொஞ்சம் கூடியிருந்தது.

ஏரிக்கரையில் சென்னப்பன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் எல்லாரும் சும்மா இருந்தார்கள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. மல்லையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். அதற்குள் டாக்டர் பிரபாகர் கேமராவுக்கு வாகாகத் தட்டைக்கல்லில் ஏறி நின்றார். எதிரே பாறை. ஏற்காட்டிலும் ஊட்டியிலும் எதிரொலி வரும் இடத்தில் நிற்கிற எந்த ஆளுக்கும் தோன்றுவது அவருக்கும் தோன்றியது. கையை வாயருகே குவித்து, தன் பேரைப் பட்டத்தோடு சேர்த்துக் கத்தினார்.

பாறைக்குப் பட்டம் பிடிபடவில்லை. பேரை மட்டும் தெளிவாகத் திருப்பிக் கொடுத்தது.

சென்னப்பன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "போச்சு மல்லையா. இனி வாய மூடி என்ன புண்ணியம், இன்னிக்குப் பேரு போயிருச்சு."

"அப்ப பாப்பா கல்யாணம்?"

மல்லையனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணத்துக்கு வாங்கி வைத்த அரிசியில் வண்டு விழுந்துவிடுமே என்று தோன்றியது.

என்ன நடந்தது என்று டாக்டர் பிரபாகர் கேட்டார். சென்னப்பன் சொன்னார். உங்கள் பேரை ஏரி வாங்கிவிட்டது, இவனுக்கு இடமில்லை, எங்கள் முறைப்படி நீங்கள் செத்தவர். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மிக அரிய நம்பிக்கை, இதை அப்படியே பதிவு செய்யவேண்டும் என்றார். பிறகு பிரியதர்ஷினி கேமராவை விலக்கி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆடி மாதக் காற்று குளிர அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது," என்றார். "ஆய்வுக்காகத்தான் கேக்கறேன். பரிகாரம் ஏதாவது உண்டா?"

இருக்கிறது என்றார் சென்னப்பன். முன்னே ஒரு தடவை குடித்துவிட்டு வந்த ஒருத்தன் இதே வேலை செய்தானாம். கத்தினவனே கல்லில் நின்று, இங்கே யாரும் வரவில்லை, நான் யாருமில்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பாறை ஒப்புக்கொண்டு திருப்பிச் சொன்னால் பேர் திரும்பிவிடும், நாளும் காலியாகிவிடும். மேற்குப்பாறையின் நிழல் தண்ணீரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நிழல் கரைச்சேற்றுக்கு வந்திருந்தது.

இவ்வளவுதானா என்று டாக்டர் கல்லில் ஏறினார். தொண்டையைச் செருமினார். மரபுச் சூழலியல் மையத்தின் நிறுவன இயக்குநராகிய நான் யாருமில்லை என்று முழங்கினார்.

பாறை ஒப்புக்கொள்ளவில்லை. சென்னப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி சொல்லச் சொன்னார்.

இரண்டாம் தடவை இயக்குநர் போய்ப் பேராசிரியர் வந்தார். மூன்றாம் தடவை 'எளியவனாகிய' என்று ஆரம்பித்து, அந்த எளியவன் வாங்கிய விருதில் போய் நின்றார். முப்பது வருஷம் மேடை ஏறிய வாய். 'நான்' என்ற சொல் கேட்டதும் பட்டங்கள் பந்திக்கு வருவது போலத் தாமாக வந்து உட்கார்ந்தன. அவரும்தான் என்ன செய்வார், பாவம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நிழல் கரையோரக் கோரைப்புல்லில் ஏறியது.

மல்லையன் கல்லில் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், எம் பொண்டாட்டி செத்த அன்னிக்கு ரெண்டு வேளை சோறு தின்னேங்க. உப்புப் போதலன்னு கேட்டு வேற வாங்கினேன். அன்னியிலருந்து உள்ள யாருமில்ல, நானும் இல்ல. ஒண்ணும் கஷ்டமில்லீங்க அது. நான் மெதுவாச் சொல்றேன், நீங்க சத்தமாச் சொல்லுங்க."

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"இங்க யாரும் வரல," என்றான் மல்லையன், அவர் காதருகே. அவர் சொன்னார்.

"நான் யாருமில்ல."

அவர் வாய் ஒரு கணம் திறந்தபடியே நின்றது. பிறகு சொன்னார், மொட்டையாக. பாறை தாமதிக்கவே இல்லை, யாருமில்ல என்றது. டாக்டர் பிரபாகர் கல்லைவிட்டு இறங்கி, ஈரப் புல் என்று பார்க்காமல் உட்கார்ந்தார். பிரியதர்ஷினி கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"சீக்கிரம்," என்றார் சென்னப்பன்.

கூப்பிட வாயெடுத்தபோதுதான் மல்லையனுக்கு அது உறைத்தது. இருபத்துநாலு வருஷத்தில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்தா என்பான், ஏ புள்ள என்பான், மகள் பிறந்தபின் கவியம்மா. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பான். அந்தப் பேர் வாயில் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நாக்கை ஒரு தடவை பல்லில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"தீர்த்தம்மா."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, கொல்லையிலிருந்து ஆளைக் கூப்பிடுவது போல. பாறை திருப்பிச் சொன்னது. அதன் குரலில் கேட்கும்போது அந்தப் பேர் நன்றாகவே இருந்தது. அவன் நின்று காத்திருந்தான், இப்போதாவது ஏதாவது வருமா என்று. தட்டான் ஒன்று தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போனது. நிழல் ஏரிக்குள் இறங்கியது.

சென்னப்பன் தண்ணீரை அள்ளி அவன் தலையில் தெளித்தார். ஆவணியில் பந்தக்கால் நட்டுவிடலாம் என்றார். மல்லையன் சரி என்றான்.

இறங்கும்போது டாக்டர் முன்னே போனார். ஷூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல் நடந்தார். மல்லையன் கடைசியாக வந்தான். முதல் வளைவு திரும்பியதும், பேச ஆளில்லாமலே அவன் வாய் திறந்துகொண்டது. இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொல்லிப் பார்க்கலாம் போலிருந்தது. ஒரு தடவைதானே சொல்லியிருக்கிறான், சரியாகக்கூடப் பிடிபடவில்லை. முன்னால் போன சென்னப்பன் திரும்பிப் பார்த்தார். மல்லையன் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஊர் வரும்வரை அதை எடுக்காமல் நடந்தான்.