புருஷோத்தமன் வீட்டு ஒரே சட்டி

புருஷோத்தமனுக்கு மகளின் கல்யாணம் நின்றுபோக வேண்டும்; ஆனால் நிறுத்தியது அவர்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முப்பது வருடமாக முதலியார்பேட்டையில் எங்கே மைக் கிடைத்தாலும் சாதி ஒழிப்பைப் பற்றி முழங்கியவர். "ஒழிய வேண்டும்!" என்று அவர் மேசையைத் தட்டினால் தண்ணீர் பாட்டில் உருண்டு விழும். சம்பாதித்த பேரை ஒரே நாளில் விட முடியுமா?

மகள் அன்புசெல்வி, கூட வேலை பார்க்கும் நிலவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் வீராம்பட்டினத்து மீனவக் குடும்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா சின்னப்பாப்பா, மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"எனக்கு இன்னாம்மா ஆட்சேபணை? ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வரச் சொல்லு" என்றார் புருஷோத்தமன். திட்டம் அப்போதே தயார்.

பாரிசில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டில் நாற்பது நாள் தங்கி வந்தவர் அவர். வந்து ஆறு வருடமாகியும் அந்த நாற்பது நாள் முடிந்தபாடில்லை. அங்கே வாங்கிய ஃபோந்து சட்டி ஷோகேசில் உட்கார்ந்திருந்தது. அடியில் சின்ன விளக்கு, கூடவே நீள நீளமாக முள்கரண்டிகள். சீஸை வெள்ளை ஒயினில் உருக்கி, ரொட்டித் துண்டைக் குத்தித் தோய்த்துத் தின்ன வேண்டும். மீன்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? திருதிருவென முழிப்பார்கள், கூனிக் குறுகுவார்கள், இந்தச் சம்பந்தம் நமக்குத் தோதுப்படாது என்று தாங்களாகவே விலகிக்கொள்வார்கள். அவர் பேருக்கு ஒரு கீறல் விழாது. அந்தப் பெருந்தன்மையைப் பார்க்க நண்பர் தெய்வசிகாமணியையும் அழைத்திருந்தார்.

காலையிலிருந்து சீஸைக் கிண்டிக் கிண்டி மனைவி பாக்யலட்சுமிக்குக் கை கழன்றுவிட்டது. "ஆளுக்கொரு கிண்ணம் வெச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"பாரிசுல கிண்ணமெல்லாம் கெடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டிதான்" என்று அதட்டினார் புருஷோத்தமன். தன் வாயால் தானே கெடுகிற ஆளை யார் காப்பாற்ற முடியும்?

நிலவனின் அப்பா கடலில் இருந்ததால் அம்மாவும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். தெய்வசிகாமணி பார்க்க வேண்டும் என்றே சின்னப்பாப்பாவைத் தன் வலது பக்கத்தில் உட்காரவைத்தார் புருஷோத்தமன். பிறகு சட்டம் வாசித்தார்: "ரொட்டி சட்டிக்குள்ள உழுந்துட்டா அபராதம் உண்டு. வலது பக்கத்துல இருக்கறவங்க இன்னா சொன்னாலும் செய்யணும்."

சின்னப்பாப்பா கரண்டியைப் புரட்டிப் பார்த்தார். ரொட்டியைத் தோல் பக்கமாக அழுத்திக் குத்தினார், சட்டிக்குள் ஒரு சுற்று சுற்றினார், நூலாக இழுத்த சீஸை லாவகமாகத் திருகி அறுத்தார், வாயில் போட்டார். மேசை விரிப்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நல்லாத்தாண்ணே இருக்குது. கொஞ்சம் பச்ச மொளகா கிள்ளிப் போட்டிருந்தா இன்னும் தூக்கியிருக்கும்" என்றார். அவர் வாய்க்குள் போய் வந்த கரண்டி அடுத்த துண்டோடு மறுபடியும் சட்டிக்குள் இறங்கியது.

அப்போதுதான் புருஷோத்தமனுக்கு உறைத்தது. பாரிசில் சித்தப்பா மகனோடு தின்றபோது எச்சில் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை. இப்போது சட்டி முழுக்க அதுதான் தெரிந்தது. நிலவன் தோய்த்தான், அன்புசெல்வி தோய்த்தாள், தெய்வசிகாமணி ஒரே நேரத்தில் இரண்டு துண்டு தோய்த்தார். புருஷோத்தமன் வெறும் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"நீ ஏம்பா தொடவே மாட்டேங்கற?" என்றார் தெய்வசிகாமணி.

"பிரஷருப்பா. டாக்டர் சீஸ் ஆவாதுன்னுட்டாரு."

"காலையில நாலு துண்டு வழிச்சுத் தின்னீங்களேப்பா" என்றாள் அன்புசெல்வி. அவள் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

வேறு வழியில்லை. கரண்டியை நுனிவிரலில் பிடித்து, யார் கரண்டியும் படாத ஓரமாகப் பார்த்து, பட்டும் படாமல் ரொட்டியை வைத்தார். சரியாகக் குத்தாத ரொட்டி கழன்று, வழுக்கி, நட்டநடுவில் போய் விழுந்தது.

தெய்வசிகாமணி கைதட்டினார். "அபராதம்! சொல்லுங்கம்மா!"

எல்லோரும் சின்னப்பாப்பாவைப் பார்த்தார்கள். பெண்ணைக் கேட்டுவிடுவாரோ என்றிருந்தது புருஷோத்தமனுக்கு.

"பெருசா ஒண்ணும் வேணாண்ணே" என்றார் அவர். "அந்த உழுந்த துண்ட எடுத்து நீங்களே சாப்புடுங்க. போதும்."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் எடுத்தார், கண்ணை மூடினார், விழுங்கினார்.

"அதான் எங்க புருஷோத்தமன்!" என்றார் தெய்வசிகாமணி. அன்புசெல்வியின் முகம் அப்படியே மலர்ந்தது. அப்பா தேறிவிட்டார் என்று அந்தப் பெண் நிஜமாகவே நம்பினாள்.

"தோ, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார் புருஷோத்தமன்.

வாஷ்பேசின் சாப்பாட்டு மேசைக்குப் பின்சுவரில் இருந்தது. குழாயைத் திறந்தார். கொப்பளித்தார். தொண்டைவரை தண்ணீரை ஏற்றிக் களகளவென்று காறித் துப்பினார். நாக்கை வழித்தார். போதவில்லை, மறுபடியும் கொப்பளித்தார். பேர் தப்பியது என்ற நிம்மதியில் மூன்றாவது தடவை இன்னும் தாராளமாக.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மூன்று நாற்காலி காலி. தெய்வசிகாமணி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எல்லாரும்?"

"கெளம்பிட்டாங்க. அன்பும் கூடவே போயிட்டா" என்றார் பாக்யலட்சுமி. "நீங்க கொப்பளிக்கிறது இங்க நல்லாவே கேக்குதுங்க."

புருஷோத்தமன் வாயை மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

"பதிவுக் கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்து கேட்டா. போடறேன்னுட்டேன்" என்றார் பாக்யலட்சுமி.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "என்னையும் கேட்டுதுப்பா, பொண்ணு."

விளக்கு அணைந்து சீஸ் இறுகத் தொடங்கியிருந்தது. பாக்யலட்சுமி சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சின்னப்பாப்பா வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்தார். அதைத் துடைக்கவில்லை. ஒரு ரொட்டித் துண்டைக் குத்தி, புருஷோத்தமனைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.