வேன் பக்கம் திரும்பிய பூக்கள்

தனபாலன் லோரி விபத்தில் இறந்து, அவன் மனைவி திலகம் தலையில் பூ வைப்பதை நிறுத்திய நாளிலிருந்து, கெர்லிங் ஊரில் பூக்கள் அவளைத் திரும்பிப் பார்த்தன. அவள் பள்ளி வேனை ஓட்டிப் போகையில் வேலியோரச் செம்பருத்திகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். வேன் மறைந்ததும் பழையபடி நிற்கும். முதல் வருடம் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிறகு, மழைக்குச் சாலையில் தண்ணீர் தேங்குவதைப் போல அதுவும் பழகிப்போனது. கோயிலுக்கு மட்டும் அவள் நடை சாத்துகிற நேரம் பார்த்துப் போவாள். சாமி கழுத்து மாலை தன் பக்கம் திரும்புவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மகள் ஷாமளாவுக்கு ரவாங் ஊர்ப் பவனேஷுடன் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பவனேஷின் அம்மா தனேஸ்வரிக்குப் பூக்கள் திரும்புகிற விஷயம் தெரியாது. கணவனை இழந்தவர்கள் கல்யாணப் பூவின் அருகில் நிற்கக்கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். போனில் ஷாமளாவிடம் பணிவாகத்தான் சொன்னாள். "சம்பந்தியம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது. பூக்கடைக்குப் பொண்ணு மட்டும் வந்தா போதும்லா." ஷாமளா சரி என்றாள். போனை வைத்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

ஷாமளாவுக்கு லைசென்ஸ் இல்லை. அம்மாதான் கொண்டுபோய் விடவேண்டும். பூக்கள் காட்டிக்கொடுத்தால் கல்யாணமே நின்றுவிடலாம். வேதியியல் படித்தவள், சோதித்துப் பார்த்தாள். அம்மாவை நடக்கச் சொல்லி, தொட்டிச் செம்பருத்தி எவ்வளவு தூரம் வரை திரும்புகிறது என்று கவனித்தாள். நாலு வீடு தாண்டினால் அசையவில்லை. புக்கிட் பெருந்துங் ஊரில் இருந்த பூக்கடைக்கு எதிர்வரிசைக் கோடியில் வேனை நிறுத்தச் சொன்னாள். வெட்டிய பூவுக்குப் பிடித்து நிறுத்த வேர் இல்லை, அது இன்னும் தூரத்திலிருந்தே திரும்பும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

கடையில் தனேஸ்வரி காத்திருந்தாள். ஷாமளா உள்ளே கால் வைத்தபோது, வாளிகளில் இருந்த ரோஜா, ஆர்க்கிட், செவ்வந்தி எல்லாம் சாலையைப் பார்த்து நின்றன. தனேஸ்வரிக்குக் காம்பும் பச்சை இதழும்தான் தெரிந்தன.

"என்ன தம்பி, எல்லாம் முதுகைக் காட்டுது?"

"காத்தா இருக்கும்க்கா," என்றான் கடைக்காரன் சோமு.

"எங்க காத்து? உன் ஃபேனே ஓடல."

அவள் ஒரு வாளியைத் திருப்பி வைத்தாள். வாளி திரும்பியது, பூக்கள் திரும்பவில்லை. சோமு மாதிரிக்குக் கட்டிய சரம் அவன் கையிலேயே முறுக்கிக்கொண்டது. "முகம் வெளிய தெரியணும்க்கா, அதுதான் மாலை. முதுகை நான் விக்கிறதில்ல," என்று அதைக் கீழே வைத்தான்.

தனேஸ்வரி பூக்கள் பார்த்த திசையைப் பார்த்தாள். எதிர்வரிசைக் கோடியில் ஒரு மஞ்சள் வேன். ஓட்டுநர் இருக்கையில் யாரோ குனிந்தார்கள். கடைப் பூக்கள் எல்லாம் கொஞ்சம் தலை தாழ்த்தின.

"அது யாரு?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷாமளா வேனைப் பார்த்தாள்.

"எங்கம்மா," என்றாள். "அவங்க இல்லாம நான் பூ எடுக்கல, அத்தை."

தனேஸ்வரி ஒரு ரோஜாவை எடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். விரல்களுக்குள் அது மெதுவாக வேன் பக்கம் சுழன்றது. மறுபடி திருப்பினாள். மறுபடி சுழன்றது.

"மணவறையிலயும் இப்படித்தானா?"

"அம்மா எங்க இருக்காங்களோ, அந்தப் பக்கம்."

தனேஸ்வரி ரோஜாவோடு சாலையைக் கடந்தாள். வேன் கண்ணாடியைத் தட்டினாள். "எறங்குங்க. நீங்க வராம இதுங்க என்னைய மதிக்காது போல." திலகத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கடை முழுக்கப் பூக்களின் முகங்கள். பிறகு சிவப்பா, மஞ்சளா என்று இருவரும் சண்டை போட்டார்கள்; சோமு பசியோடு நின்றான்.

கல்யாணத்தன்று திலகத்தை எங்கே வைப்பது என்று யாரும் விவாதிக்கவில்லை. பின்னால் நின்றால் மாலை மாப்பிள்ளையின் நெஞ்சைப் பார்க்கும். புகைப்படக்காரர் அவளைத் தன் கேமராவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். ஆல்பத்தில் பூக்கள் எல்லாம் கேமராவுக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கின்றன. ஷாமளாவும்.